லாங்ஸ்டன் ஹியூஸ்: கவிதைகள் தெரியும், நாடகங்களை எங்கே தொடங்குவது?

வாசல்படி

லாங்ஸ்டன் ஹியூஸ் என்றதும் நினைவுக்கு வருவது நான்கைந்து கவிதைகள்தான். நதிகளைப் பற்றியது, தள்ளிப்போன கனவைப் பற்றியது, படிக்கட்டை உவமையாக வைத்துத் தாய் மகனிடம் பேசுவது. கல்லூரிப் பாடத்திலும் மொழிபெயர்ப்பிலும் திரும்பத் திரும்ப வருபவை இவையே. ஆனால் அவர் 1921இல் சிறுவர் இதழ் ஒன்றில் குட்டி நாடகம் எழுதியதில் தொடங்கி 1960களின் நடுப்பகுதி வரை மேடையை விடவே இல்லை. கவிஞராக மட்டும் அவரைப் படிப்பது பாதி ஆளைப் படிப்பது போலத் தோன்றுகிறது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாடகங்களை எந்த வரிசையில் படிக்கலாம்? 'முலாட்டோ' (வெள்ளை–கறுப்புக் கலப்பினத்தவர் என்று பொருள்) நாடகத்தின் கதைச் சுருக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒன்றில் மகள் சாலி படிப்புக்காக ஊரை விட்டுப் போய்விடுகிறாள், இன்னொன்றில் அவள் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். எது ஹியூஸ் எழுதியது? பிறந்த ஆண்டும் 1901 என்றும் 1902 என்றும் இருக்கிறது. கடைசியாக ஒன்று: அவருடைய ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கரின் சோகப் பாட்டு வகை) கவிதைகள் தமிழில் வரும்போது ஏன் உப்புச் சப்பில்லாமல் போகின்றன?

மேடைத்தச்சன்

எழுதிய ஆண்டு வரிசையில் போகாதீர்கள். 1930களில் மட்டுமே ஏழெட்டு நாடகங்கள் இருக்கின்றன, நடுவழியில் களைத்துவிடுவீர்கள். ஹியூஸ் ஒரே கருவைப் பல வடிவங்களில் போட்டுப் பார்க்கிற ஆள். அந்தப் பழக்கம் பிடிபட்டால் மற்ற நாடகங்கள் எல்லாம் எளிதாகத் திறக்கும். ஆகவே ஒரு கருவின் பின்னாலேயே போங்கள்.

முதலில் 'கிராஸ்' கவிதை. 1925இல் வந்தது, 12 வரிதான். பேசுபவனின் அப்பா வெள்ளையர், அம்மா கறுப்பினத்தவர். அப்பா பெரிய மாளிகையில் செத்தார், அம்மா குடிசையில் செத்தாள், வெள்ளையுமில்லாத கறுப்புமில்லாத நான் எங்கே சாவேனோ என்று முடிகிறது. அடுத்து 1927 தொகுப்பில் இருக்கிற 'முலாட்டோ' கவிதை. அதில் மகன் நேரடியாகவே 'நான் உன் மகன்' என்று வெள்ளை மனிதனிடம் சொல்கிறான், மறுப்புதான் பதிலாக வருகிறது. அதன் பிறகு நாடகம். 1930இல் எழுதியது, 1935 அக்டோபர் 24 அன்று நியூயார்க்கில் வான்டர்பில்ட் அரங்கில் ஏறியது. அதற்குள் அதே கதை 'ஃபாதர் அண்ட் சன்' என்ற சிறுகதையாக 1934 தொகுப்பில் வந்துவிட்டது. கடைசியில் யான் மேயரோவிட்ஸ் இசையில் 1950இல் 'தி பேரியர்' என்ற ஆபரா (பாட்டாலேயே நடக்கும் இசைநாடகம்). இரண்டு கவிதை, ஒரு நாடகம், ஒரு கதை, ஒரு ஆபரா, 25 ஆண்டு.

இப்படிப் படிக்கையில் ஒன்றைக் கவனியுங்கள். கவிதையில் தாய்க்குப் பேச்சே கிடையாது. நாடகத்தில் மகன் ராபர்ட் முன்வாசல் வழியாகத்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறான், வெள்ளை அப்பா கர்னல் நார்வுட் துப்பாக்கியை எடுக்கிறார், மகன் அவர் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறான். இதுவரை சண்டை அப்பனுக்கும் மகனுக்கும். அதற்குப் பிறகு மேடை முழுக்க தாய் கோராவுக்கு வந்துவிடுகிறது. செத்துக் கிடக்கும் கர்னலைப் பார்த்து அவள் பேசும் நீண்ட தனிமொழிகள்தான் நாடகத்தின் உயிர். கும்பல் வீட்டைச் சூழ்ந்து வரும்போது, மகன் மாடியில் அவளுடைய அறையில் இருக்கிறான். நீளமாக இருக்கிறதே என்று அந்தத் தனிமொழிகளைத் தாண்டிப் போகிறவர்கள், நாடகத்தைக் கொலைக்கதையாக மட்டும் எடுத்துக்கொள்வார்கள். முதல் மேடையேற்றத்தில் கோராவாக நடித்தவர் ரோஸ் மெக்லெண்டன். உடல்நலம் குன்றி அவர் விலகியதும் மெர்சிடிஸ் கில்பர்ட் அந்த வேடத்தை ஏற்றார்.

இதை முடித்ததும் 'சோல் கான் ஹோம்' படியுங்கள். சில பக்கங்களே உள்ள ஓரங்க நாடகம். செத்த மகன் எழுந்து உட்கார்ந்து, நீ என்னை ஒழுங்காக வளர்க்கவில்லை, பாலும் முட்டையும் கொடுத்ததில்லை என்று தாயைத் திட்டுகிறான். சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் பிசைகிறது. அந்த இரட்டை உணர்ச்சிதான் ஹியூஸின் மேடைக் குரல். அதற்குப் பிறகு நகைச்சுவையில் 'லிட்டில் ஹாம்', பிறகு 1938இன் 'டோன்ட் யூ வாண்ட் டு பி ஃப்ரீ', கடைசியில் 1960களின் காஸ்பெல் (கறுப்பினத் தேவாலயப் பாட்டு) நாடகங்கள். எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டனோடு சேர்ந்து எழுதிய 'மியூல் போன்' நாடகத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அதில் எது யாருடைய கை என்று பிரித்தறிய, இருவருடைய தனிக்குரலும் முதலில் காதில் ஏறியிருக்க வேண்டும்.

கூடவே தன்வரலாறு இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். 'தி பிக் சீ' 1940இல் வந்தது, கிட்டத்தட்ட 1931 வரையான வாழ்க்கை. 'ஐ வொண்டர் ஆஸ் ஐ வாண்டர்' 1956இல் வந்தது, அதற்குப் பிந்தைய ஆறேழு ஆண்டுகள். 'முலாட்டோ' மேடையேறிய கதை இரண்டாவதில்தான் இருக்கிறது. முதல் நூலில் தேடிப் பயனில்லை.

நூலடுக்கு

சாலி விஷயத்துக்கு வருகிறேன். ஹியூஸ் எழுதியதில் சாலி முதல் அங்கத்திலேயே பள்ளிக்குப் புறப்பட்டுப் போய்விடுகிறாள். பிராட்வே (நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகள்) தயாரிப்பாளர் மார்ட்டின் ஜோன்ஸ், கூட்டம் சேர்ப்பதற்காக அவளை ரயிலைத் தவறவிடச் செய்து, வீட்டிலேயே நிறுத்தி, வன்முறைக் காட்சி ஒன்றைச் சேர்த்தார். ஹியூஸ் நியூயார்க் திரும்பியபோது ஒத்திகை நடந்துகொண்டிருந்தது, தன் நாடகம் மாறிக் கிடப்பதை அங்கேதான் பார்த்தார். 1935இல் மேடையைப் பார்த்து எழுதிய விமரிசனங்களை ஆதாரமாகக் கொள்பவர்கள் ஜோன்ஸின் கதையைச் சொல்கிறார்கள், அச்சு நூலைப் படித்தவர்கள் ஹியூஸின் கதையைச் சொல்கிறார்கள். உங்களுக்குக் குழப்பம் வந்தது அதனால்தான். அந்தக் காலப் பத்திரிகைகள் நாடகத்தை மலிவான பரபரப்பு என்று சாடியிருந்தால், எந்தக் காட்சியைச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எடைபோடுங்கள். அதில் பெரும்பங்கு ஹியூஸின் தலையில் விழக்கூடாத பழி.

எந்தப் பதிப்பு என்று கேட்டால்: 1963இல் வெப்ஸ்டர் ஸ்மாலி பதிப்பித்து இந்தியானா பல்கலைக்கழகம் வெளியிட்ட 'ஃபைவ் பிளேஸ்' போதும். 'முலாட்டோ', 'சோல் கான் ஹோம்', 'லிட்டில் ஹாம்', 'சிம்ப்ளி ஹெவன்லி', 'டாம்பரின்ஸ் டு குளோரி' ஐந்தும் ஒரே நூலில். ஹியூஸ் உயிரோடு இருக்கும்போதே வந்தது. முழுதாக வேண்டுமென்றால் மிசூரி பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் 16 தொகுதிகளில் 5ஆவது, 6ஆவது தொகுதிகள். 1942 வரையான நாடகங்கள் ஐந்தில், காஸ்பெல் நாடகங்களும் ஆபராக்களும் ஆறில். 'மியூல் போன்' 1991இல் தனி நூலாக வந்தபோது இருவருடைய கடிதங்களையும் சேர்த்தே பதிப்பித்தார்கள், அதையே தேடிப் பிடியுங்கள்.

கவிதைக்கும் இதே எச்சரிக்கை. 1959இல் ஹியூஸ் தானே தேர்ந்தெடுத்த 'செலக்டட் போயம்ஸ்' தொகுப்பில் 1930களின் தீவிர இடதுசாரிக் கவிதைகள் கிடையாது. 1953 மார்ச்சில், கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரித்த மெக்கார்த்தியின் செனட் குழுவின் முன்னால் நின்று, அந்தப் பழைய எழுத்துகளுக்குப் பதில் சொல்லி வந்தவர் அவர். மார்ச் 24 மூடிய அறை விசாரணை, 26 பொது விசாரணை. ஆறு ஆண்டு கழித்து வந்த அந்தத் தொகுப்பு மட்டும் கையில் இருந்தால், ஹியூஸ் அரசியலில் மிதவாதி என்ற முடிவுக்குத்தான் வருவீர்கள். 1994இல் அர்னால்ட் ராம்பர்சாட் பதிப்பித்த முழுத் தொகுப்பில் 868 கவிதைகள் ஆண்டு வாரியாக இருக்கின்றன. ஆய்வுக்கு அதுதான் வேண்டும்.

பிறந்த ஆண்டு: ஹியூஸ் தானே 1902 என்றுதான் நம்பினார், நூல்களிலும் அப்படியே ஏறியது. 2018இல் வெளிவந்த செய்தி அதை மாற்றியது. கான்சஸ் மாநிலக் கறுப்பின நாளிதழ்களையும் வார இதழ்களையும் கணினியில் தேடியபோது, 'டொபீகா பிளெயின்டீலர்' இதழில் 1901 டிசம்பரிலேயே குழந்தை லாங்ஸ்டனுக்கு உடம்பு சரியில்லை, தேறிவருகிறான் என்ற குறிப்பு கிடைத்தது. 1902 பிப்ரவரியில் பிறக்கவேண்டிய பிள்ளைக்கு 1901இல் காய்ச்சல் வர முடியாது. ஆகவே 1901 பிப்ரவரி 1 என்று எழுதுங்கள். பழைய நூலை மேற்கோள் காட்டினால் அதில் உள்ளபடி 1902 என்று போட்டு, ஒரு வரிக் குறிப்பு சேருங்கள்.

வாழ்க்கைக் குறிப்புகளில் இன்னும் மூன்று இடங்களில் வழுக்குவார்கள்.

வாஷிங்டன் ஓட்டலில் மேசை துடைக்கும் பையனாக இருந்த ஹியூஸை, அங்கே தங்கியிருந்த கவிஞர் வேச்சல் லிண்ட்சே 'கண்டுபிடித்தார்' என்ற கதை. ஹியூஸ் தட்டுக்குப் பக்கத்தில் கவிதைகளை வைத்ததும், லிண்ட்சே அன்றிரவு கூட்டத்தில் அவற்றைப் படித்ததும் உண்மை. ஆனால் அது 1925 முடியும் நேரம். நதிக் கவிதை 1921 ஜூனிலேயே 'தி கிரைசிஸ்' இதழில் வந்துவிட்டது. 'தி வியரி ப்ளூஸ்' கவிதை அதே 1925இல் 'ஆப்பர்ச்சூனிட்டி' இதழின் முதல் பரிசைப் பெற்றிருந்தது, முதல் தொகுப்பை வெளியிட நாஃப் நிறுவனம் ஒப்புக்கொண்டும் இருந்தது. கறுப்பின இதழ்கள் வளர்த்தெடுத்த கவிஞரை, ஒரு வெள்ளைக் கவிஞர் கண்டெடுத்ததாக எழுதுவது பெரிய அநியாயம்.

இரண்டாவது, படிப்பு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தது 1921–22 ஓராண்டு மட்டும். பட்டம் வாங்கியது 1929இல் பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில். அவர் சிறுவயதில் வகுப்புக் கவிஞராகத் தேர்வான ஊரின் பெயரும் லிங்கன்தான், அது இல்லினாய் மாநிலம். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

மூன்றாவது, 'ஹார்லம்' கவிதை. தள்ளிப்போன கனவு என்ன ஆகும் என்று கேட்கும் அந்த 11 வரிக் கவிதையின் தலைப்பு, நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியின் பெயரான 'ஹார்லம்'. பாடநூல்களில் 'எ ட்ரீம் டிஃபர்டு' என்ற பெயரிலும் வரும். அது தனிக் கவிதையும் அல்ல. 1951இன் 'மான்டாஜ் ஆஃப் எ ட்ரீம் டிஃபர்டு' என்ற முழுநீளத் தொடரின் கடைசிப் பகுதியில் வருவது. அந்தக் கேள்வி தொடக்கத்திலிருந்தே சிறுசிறு துண்டாகக் காதில் விழுந்துகொண்டிருக்கும், 'ஹார்லம்' வரும்போது முழுசாக வெடிக்கும். தனியாகப் பிய்த்து எடுத்துப் படித்தால் அந்தச் சேர்மானம் போய்விடும்.

தாளக்கட்டு

ப்ளூஸ் கவிதை தமிழில் ஏன் சப்பென்று ஆகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சரிசெய்யவும் முடியும்.

அடிப்படை இசைக் கட்டு 12 பார், அதாவது 12 தாளக் கூறு. ஒரு பாருக்கு நான்கு தாள அடி, மொத்தம் 48 அடி. இதை மூன்று பாகமாக வகுப்பார்கள், பாகத்துக்கு நான்கு பார். முதல் பாகத்தில் ஒரு வரி பாடுவார்கள், இரண்டாம் பாகத்தில் அதே வரி, மூன்றாம் பாகத்தில் அதற்கு இயைந்து முடியும் வேறு வரி. ஒவ்வொரு பாகத்திலும் குரல் ஏறக்குறைய முதல் இரண்டு பாரை எடுத்துக்கொள்ளும், மிச்சம் இரண்டு பாரில் கிதாரோ பியானோவோ பதில் சொல்லும். சுருதி முதல் பாகத்தில் வீட்டிலேயே இருக்கும், இரண்டாம் பாகத்தில் நான்காம் சுரத்தின் கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) போய்த் திரும்பும், மூன்றாம் பாகத்தில் ஐந்தாம் சுரத்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும். ஆகவே இரண்டாம் தடவை பாடப்படும் வரி சொல்லில்தான் அதே வரி, காதுக்கு வேறு வரி. அடியில் கார்டு மாறிவிட்டது.

ஹியூஸ் செய்தது என்னவென்றால், ஒவ்வொரு பாட்டு வரியையும் நடுவில் ஒடித்து இரண்டாக அச்சிட்டார். மூன்று வரி ஆறு வரியாயிற்று. இந்த அமைப்பை 1927 தொகுப்பின் முன்குறிப்பில் அவரே விளக்குகிறார்: நீண்ட வரி ஒன்று, அது மீண்டும் ஒருமுறை, பிறகு இயைபோடு மூன்றாவது வரி. இரண்டாம் தடவையில் சில நேரம் சின்ன மாற்றம் வரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

மொழிபெயர்ப்பில் நடக்கும் தவறு மூன்று. திரும்ப வரும் வரியை 'கூறியது கூறல்' என்று நினைத்து நீக்கிவிடுவது முதல் தவறு. நீக்கினால் மூன்றாம் வரியின் அடி இறங்காது, ஏனென்றால் கேட்பவனைக் காக்கவைத்ததே அந்தத் திரும்பல்தான். இரண்டாவது, சின்ன மாற்றத்தை விட்டுவிடுவது. இரண்டாம் தடவை முன்னால் ஒரு 'ஆமா', 'சாமி', 'அட' விழ வேண்டும். மூன்றாவது, இயைபைக் கைவிட்டு எதுகையில் போய் நிற்பது. நமக்கு எதுகை கையில் பழகியது, வரித் தொடக்கத்திலேயே ஓசை வந்துவிடும். ப்ளூஸுக்கு ஓசை வரிக் கடைசியில் வேண்டும், அங்கேதான் பாடகர் நிறுத்துகிறார். எதுகை கூடுதலாக வந்தால் வரட்டும், இயைபு இல்லாமல் கூடாது.

கட்டு மட்டும் தெரிவதற்காக ஒரு மாதிரி. ஹியூஸின் கவிதை இல்லை, இங்கே கட்டியது:

வீட்டுக்காரன் வந்து நின்னான்,
விடியுமுன்னே கதவத் தட்டிட்டான்.
ஆமா, வீட்டுக்காரன் வந்து நின்னான்,
விடியுமுன்னே கதவத் தட்டிட்டான்.
காசு இல்லன்னு சொல்லுமுன்னே
என் பெட்டியெல்லாம் தெருவுல கொட்டிட்டான்.

வாய்விட்டுப் படிக்கும்போது 'தட்டிட்டான்' என்றதும் நிறுத்தி, மனதுக்குள் எட்டு அடி எண்ணிவிட்டு 'ஆமா' தொடங்குங்கள். அந்த எட்டு அடிதான் வாத்தியத்தின் பதில். ஆறு வரியையும் ஒரே மூச்சில் உரைநடை போல ஓட்டுவதுதான் கவிதை அரங்குகளில் அதிகம் நடக்கிற கேடு. இன்னொன்று, பேச்சுத் தமிழைத் தவிர வேறெதிலும் இது நிற்காது. 'இல்லையென்று கூறுமுன்னரே' என்று எழுதிப் பாருங்கள், பாடுகிறவன் ஓடிப்போய்விடுவான்.

'தி வியரி ப்ளூஸ்' கவிதையை மொழிபெயர்ப்பவருக்குத் தனிக் கவனம் வேண்டும். அது முழுக்க ப்ளூஸ் கட்டு இல்லை. ஹார்லமின் லெனாக்ஸ் அவென்யூ தெருவில் ஒரு பியானோக்காரன் வாசிப்பதைக் கேட்பவன் ஒருவன் சொல்கிறான், அவன் வரிகள் சமமில்லாதவை. நடுவே மேற்கோள் குறிக்குள் இரண்டு பாட்டுத் துண்டு. அதில் இரண்டாவதுதான் முறையான 12 பார் கட்டு. சிறுவயதில் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஊரில் கேட்ட பாட்டு அது என்று தன்வரலாற்றில் சொல்கிறார். ஆகவே கேட்பவன் குரலுக்குச் சற்று எழுத்துநடை, பாடுபவன் குரலுக்குச் சுத்தமான பேச்சு வழக்கு. இரண்டையும் ஒரே நடையில் எழுதினால் யார் பாடுகிறார், யார் கேட்கிறார் என்பதே தெரியாமல் போகும்.

வாசல்படி

மிக்க நன்றி. 12 பார் விளக்கத்துக்குப் பிறகு அந்த ஆறு வரிகள் ஏன் அப்படி உடைகின்றன என்று இப்போதுதான் புரிகிறது. ஒன்று கூட: மேடைத்தச்சன் சொன்ன 'டோன்ட் யூ வாண்ட் டு பி ஃப்ரீ' கவிதைகளால் ஆன நாடகம் என்கிறார்கள். அதை எப்படி மேடையில் நடத்தினார்கள்? அந்தக் காலத்தில் கறுப்பின நாடகக் குழுவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

மேடைத்தச்சன்

ஹியூஸ் 1938இல் தொடங்கிய குழுவின் பெயர் 'ஹார்லம் சூட்கேஸ் தியேட்டர்'. சாமான் எல்லாம் ஒரு சூட்கேஸில் அடங்க வேண்டும் என்பது கணக்கு. இடம் தொழிலாளர் அமைப்பு ஒன்றின் மாடிக்கூடம். இந்த நாடகத்துக்கு மேடையில் இருந்தது இரண்டே பொருள்: தொங்கும் தூக்குக்கயிறு ஒன்று, அடிமைகளை ஏற்றி ஏலம் விடும் கட்டை ஒன்று. திரை, காட்சித்தட்டி எதுவும் கிடையாது. பார்வையாளருக்கு நடுவிலேயே நடிப்பு. 1932இல் படம் ஒன்றுக்காக 22 பேர் கொண்ட குழுவாகச் சோவியத் ஒன்றியம் போனபோது, படம் கைவிடப்பட்டது. ஆனால் மாஸ்கோவில் இயக்குநர் ஒக்லாப்கோவின் அரங்கைப் பார்த்துவிட்டு வந்தார். கூட்டத்துக்கு நடுவே நடிக்கும் முறை அங்கிருந்து வந்தது.

நாடகம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஆப்பிரிக்கா, அடிமை ஏலம், உள்நாட்டுப் போர், ப்ளூஸ் காலம், வேலையில்லாத ஹார்லம் என்று இறங்கி வரும். இணைப்பு வசனம் குறைவு, பெரும்பாலும் ஏற்கெனவே அச்சான அவருடைய கவிதைகளும் ஆன்மிகப் பாடல்களும் ப்ளூஸும்தான். வேலை எப்படி நடக்கிறது என்றால், கவிதையில் 'நான்' என்று இருப்பதை ஓர் இளைஞன் பேசுகிறான், அந்த 'நான்' ஒவ்வொரு காலத்திலும் வேறு ஆள் ஆகிறான். எதிரில் ஒரே வெள்ளை நடிகர் ஏலக்காரனாகவும், முதலாளியாகவும், வீட்டுக்காரனாகவும் மாறி மாறி வருகிறார். உடை மாற்றக்கூட நேரம் வேண்டியதில்லை. அந்த இளைஞனாக நடித்தவர் ராபர்ட் ஏர்ல் ஜோன்ஸ், பின்னாளில் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் தந்தை. வார இறுதிகளில் மட்டும் போட்டு 135 காட்சி ஓடியது.

படிப்பு மேடைக்கு இதைவிடப் பொருத்தமான நாடகம் அவரிடம் இல்லை. ஆனால் கெட்டுப்போகும் இடம் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கவிதையும் முடிந்ததும் கைத்தட்டலுக்கு நிறுத்தினால் நாடகம் கவியரங்கம் ஆகிவிடும். ஒரு கவிதையின் கடைசிச் சொல் விழுவதற்குள் அடுத்த பாட்டின் முதல் சுரம் தொடங்கியிருக்க வேண்டும். பியானோக்காரர் உரையாடல் பிரதியையே வைத்துக்கொண்டு ஒத்திகைக்கு முதல் நாளிலிருந்து உட்கார வேண்டும், கடைசி வாரத்தில் கூப்பிட்டால் சரிப்படாது.

'பிளாக் நேட்டிவிட்டி' இதற்கு நேர் எதிர். 1961 டிசம்பரில் வந்த அந்தக் காஸ்பெல் நாடகத்தை அச்சில் படித்தால் ஒல்லியாக இருக்கும், ஏமாந்து போகாதீர்கள். முதல் பாகத்தில் இயேசு பிறப்பு, மேரியும் ஜோசப்பும் ஆட்டத்தாலேயே சொல்கிறார்கள். இரண்டாம் பாகம் தேவாலயக் கூட்டம் ஒன்று. கனத்தை எல்லாம் பாடகர்கள் சுமக்கிறார்கள். முதல் மேடையேற்றத்தில் மரியன் வில்லியம்ஸ், அலெக்ஸ் பிராட்ஃபோர்ட் பாடினார்கள், இயக்கம் வினெட் கரோல். ஆடவேண்டியிருந்த ஆல்வின் எய்லியும் கார்மென் டி லவலாடும் தலைப்பு பிடிக்காமல் விலகிக்கொண்டார்கள். பிரதியைப் படிப்பதைவிடப் பாட்டுப் பதிவைக் கேட்டுக்கொண்டே பிரதியில் விரலை ஓட்டுவது நல்லது.

கணக்குப்பிள்ளை

பணக் கணக்கைப் பார்த்தால் அவர் ஏன் இத்தனை வடிவங்களில் எழுதினார் என்பதும் விளங்கும். எழுத்தை மட்டுமே நம்பி வாழ முயன்ற முதல் கறுப்பின அமெரிக்க எழுத்தாளர்களில் ஒருவர் அவர். கவிதை நூல் சோறு போடாது. 1927 முதல் 1930 வரை சார்லட் ஆஸ்குட் மேசன் என்ற பணக்காரப் பெண்மணி மாதம் 150 டாலர் கொடுத்தார். பதிலுக்கு 'ஆதிவாசித் தன்மை' உள்ள எழுத்தை எதிர்பார்த்தார். 1930இல் உறவு முறிந்தது. அதே அம்மையார்தான் ஹர்ஸ்டனுக்கும் படியளந்தவர். 'மியூல் போன்' சண்டை அதையடுத்து 1931 தொடக்கத்தில் வெடித்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். இருவரும் எழுதியதை ஹர்ஸ்டன் தன் பெயரில் மட்டும் உரிமைப் பதிவு செய்தார், நாடகம் 1991 வரை மேடையே ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவர் கண்டுபிடித்த வழி வாசிப்புப் பயணம். கல்வியாளர் மேரி மெக்லியோட் பெத்யூன் கொடுத்த யோசனை. ரோசன்வால்ட் நிதியிலிருந்து 1,000 டாலர், ஒரு ஃபோர்டு கார், தென்மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகளும் தேவாலயங்களும். வாங்குகிறவர் கைக்கு எட்டும்படி 25 சென்ட் விலையில் சிறு வெளியீட்டைக் காரிலேயே எடுத்துப் போய் விற்றார். வாசகரை நேரில் பார்த்து விலை வைத்த கவிஞர்.

நாடகக் கணக்கு ஏற்ற இறக்கம். 'முலாட்டோ' பிராட்வேயில் 373 காட்சி. 1959இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகம் தாண்டும்வரை, கறுப்பினத்தவர் எழுதியவற்றில் அதுதான் அங்கே அதிக நாள் ஓடியது. ஹான்ஸ்பெரி அந்தத் தலைப்பை எடுத்ததும் ஹியூஸின் 'ஹார்லம்' கவிதையிலிருந்துதான். ஆனால் 373 காட்சியின் வரும்படி ஹியூஸுக்கு ஒழுங்காக வரவில்லை, தயாரிப்பாளரோடு இழுபறி. 'தி பேரியர்' பிராட்வேயில் நாலே காட்சி. 'சிம்ப்ளி ஹெவன்லி' 1957இல் சின்ன அரங்கில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, தீயணைப்புத் துறை கட்டடத்தை மூடவைத்தது. பெரிய அரங்குக்கு மாறி 62 காட்சியோடு நின்றது. 'டாம்பரின்ஸ் டு குளோரி' 1963 நவம்பரில் 24 காட்சி.

கைக்கு உருப்படியாகப் பணம் வந்தது 1947இன் 'ஸ்ட்ரீட் சீன்' மூலம். எல்மர் ரைஸ் நாடகம், கர்ட் வைல் இசை, பாட்டு வரிகள் ஹியூஸ். 148 காட்சி. அந்தப் பணத்தில்தான் ஹார்லமில் கிழக்கு 127ஆம் தெரு 20ஆம் எண் வீட்டை வாங்கி, 1967 மே 22 அன்று இறக்கும்வரை அங்கே இருந்தார்.

மேடைத்தச்சன் விட்டது ஒன்று: கிளீவ்லாந்தின் கராமு இல்லம் என்ற கலை மையம். ரஸ்ஸல், ரோவெனா ஜெலிஃப் தம்பதியர் நடத்தியது, பள்ளி நாளிலேயே ஹியூஸ் போய்வந்த இடம். 'லிட்டில் ஹாம்' உட்பட 1936 முதல் 1938 வரை அவருடைய நகைச்சுவைகளை அங்கிருந்த கில்பின் பிளேயர்ஸ் நாடகக் குழுதான் முதலில் போட்டது. பிராட்வே எண்களை மட்டும் வைத்து அவரைத் தோற்ற நாடகக்காரர் என்று எழுதுகிறவர்கள், கராமுவையும் சூட்கேஸ் தியேட்டரையும் கணக்கில் எடுப்பதில்லை. அவர் யாருக்காக எழுதினாரோ அந்தக் கூட்டம் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

மொழிபெயர்க்கவோ மேடையேற்றவோ நினைத்தால் உரிமையையும் பாருங்கள். அமெரிக்காவில் அவருடைய 1926 கவிதைத் தொகுப்பு 2022 தொடக்கத்திலும், 1927 தொகுப்பு 2023 தொடக்கத்திலும் பொதுவுடைமையாகிவிட்டன. 1951இன் 'மான்டாஜ்' இன்னும் உரிமைக்குள்தான் இருக்கிறது. இந்தியச் சட்டம் ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு எண்ணுகிறது, ஆகவே 2027 டிசம்பர் முடியும்வரை காத்திருப்பது பாதுகாப்பு. அதற்கு முன் வேண்டுமென்றால் அவருடைய எஸ்டேட்டின் (அவர் எழுத்துகளின் உரிமையை வைத்திருப்போர்) முகவர்களுக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். கேட்கும்போது கவிதைத் தலைப்பு, எந்தத் தொகுப்பு, எத்தனை படிகள், எத்தனை காட்சி என்று முதல் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். காஸ்பெல் நாடகங்களுக்குப் பாட்டு உரிமை தனி, பிரதிக்கு வாங்கிய அனுமதி அதற்குச் செல்லாது.

நூலடுக்கு

கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒன்று: மூலப் பிரதிகளைத் தேடுகிறவர்கள் ஏல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் சேகரிப்பைப் பாருங்கள். ஹியூஸ் வரைவுகளைத் தூக்கி எறியாமல் அங்கே அனுப்பிக்கொண்டே இருந்தவர், ஒரே நாடகத்துக்குப் பல வரைவு இருக்கும். மேற்கோள் காட்டும்போது தலைப்போடு வரைவின் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சாலி ரயிலேறினாளா இல்லையா என்ற குழப்பம் உங்கள் கட்டுரையிலும் வந்து உட்காரும்.